ஆறு வினாடி மிச்சம்

என் வேலை மயக்கம் போட்டுக் கிடப்பது. விண்வெளி நிலையத்தில் தீப்பிடித்தாலோ காற்று கசிந்தாலோ அங்கிருப்பவர்கள் ஏறித் தப்பிப் பூமிக்கு வர ஒரு கலம் செய்கிறார்கள். அதன் மாதிரிக் கூடு எங்கள் கொட்டகையில் நிற்கிறது. நினைவிழந்த ஒருவரை அதற்குள் இழுத்துப் போட்டு, வார் மாட்டி, கதவைச் சாத்த மூன்று நிமிடம்தான் கெடு. அந்த ஒருவர் நான். ஸ்டோரில் ரசீது எழுதிக்கொண்டிருந்தவளை, உயரம் பொருந்துகிறது என்று எட்டு வருடத்துக்கு முன் கூட்டி வந்தார்கள். விண்வெளியில் எடை தெரியாது என்பதால், என் எடையை மேலிருந்து வரும் கயிறு தாங்கிக்கொள்ளும். இடிபடுவது மட்டும் என் பங்கு. கைகால் துவண்டு கிடக்க வேண்டும், உதவவே கூடாது. கேட்பதற்குச் சொகுசான வேலைதான். சாயங்காலம் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும்.

பதிமூன்று முறை தோற்றாயிற்று. ஒவ்வொரு முறையும் என் இடது முழங்கை கதவு விளிம்பில் மாட்டும். இன்றும் தோற்றால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. என்னை இழுத்த இரண்டு ஃபிட்டர்களும் சரியாகத் தூங்கி ஒரு வாரம் இருக்கும். முழங்கை விளிம்பை நெருங்கியபோது பெரிய ஃபிட்டர் "ஐயோ, மறுபடியுமா" என்று முனகினார். என் கை மடங்கிக்கொண்டது. நான்தான் மடக்கினேன் என்று சொல்ல வேண்டும்.

கடிகாரம் இரண்டு நிமிடம் ஐம்பத்து நான்கு வினாடி காட்டியது. ஆறு வினாடி மிச்சம். கொட்டகையே கைதட்டியது, பெரிய ஃபிட்டர் அழுதேவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. தலைமைப் பொறியாளர் ஒரு தாளை நீட்டினார். சோதனை முழுக்க அசையாமல் இருந்தேன் என்று நான் உறுதி சொல்ல வேண்டிய தாள்.

"வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கம்மா. காலைல கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்தா போதும். நம்ம எல்லார் பொழப்பும் இதுலதான் இருக்கு."

வீட்டில் என் கணவருக்கு வாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது பக்கம் சுத்தமாக வராது. வாய் கோணியதே தவிர கிண்டல் குறையவில்லை.

"இன்னைக்கு எத்தனை தடவை மயங்கின?"

"ஒரே தடவை. பாஸ் ஆயிடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற அவரைத் தோளில் சாய்த்துத் தூக்கினேன். அவருடைய இடது முழங்கை கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டது. தினமும் மாட்டுவதுதான், கம்பிக்கு அந்தப் பக்கம் போய் எடுத்துவிடுவேன். இன்று போகவில்லை. ஃபிட்டர்கள் செய்வதுபோல அவர் உடம்பை மட்டும் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஆறு எண்ணுவதற்குள் வந்துவிட்டால், நான் கையை மடக்காவிட்டாலும் மிச்சமிருந்த ஆறு வினாடியில் அவர்கள் எடுத்திருப்பார்கள் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஒண்ணு... ரெண்டு..."

"என்னடி எண்ணுற?"

"கொஞ்சம் இருங்க."

அவர் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. ஏழு எண்ணியபோதும் முழங்கை கம்பியில்தான் இருந்தது.