ஆளு வரலைங்க

புருசன் வேலுமணி மத்தியானமே பட்டறையை விட்டுக் கிளம்பிவிட்டான் என்று கேட்டதும் பொற்கொடி ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை அவனுக்கு. பொழுது சாயாமல் அங்கிருந்து எழுந்து வந்த வழக்கமே கிடையாது. போனும் சுவிட்ச் ஆஃப். பார்த்துப் பார்த்து இன்றைக்கா இப்படி?

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் கடைசி ரத்தப் பரிசோதனை. அது சரியாக வந்தால் அன்றைக்கே அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து அவன் தங்கை அன்புக்கரசிக்கு வைக்கப் போகிறார்கள். குடித்த தடயம் துளி தெரிந்தாலும் எல்லாம் நின்றுபோகும் என்று டாக்டர் மூஞ்சிக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? சனிக்கிழமை தவறாமல் குவாட்டர் அடித்தவன் அண்ணன். காப்பியைக்கூட ஆற்றி ஆற்றிக் குடிக்கிறவள் தங்கை. ஈரல் கெட்டது தங்கைக்கு. கண் மஞ்சளாகி, வயிறு ஊதிப்போய், பவானியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து சிகிச்சைக்கென்று வந்தவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துக் கிடந்தாள். "குடிச்சவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறான், குடிக்காதவளுக்கு வந்துருச்சு பாரு" என்று சொந்தபந்தமெல்லாம் வந்து வந்து பேசிவிட்டுப் போனது. பேசியவர்களில் ஒருவருக்கும் ஈரல் பொருந்தவில்லை, அல்லது பொருந்துமா என்று பார்க்கப் போகவில்லை.

ஆறு மாதமாக வேலுமணி தொடவில்லை. காவல் பொற்கொடிதான். ஆனைமலைக்குக் கூட்டிப்போய் மாசாணியம்மன் முன்னால் சத்தியம் வாங்கினாள். அப்படியும் நம்பாமல், தினமும் அவன் வீட்டுக்குள் நுழையும்போது வாயை மோந்து பார்த்தாள். அவனும் கோபப்படாமல் ஊதிக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மதுக்கரை ரோட்டில் இருந்த முதல் பாருக்குப் போனாள். வெயில் இன்னும் தணியவில்லை. தகரக் கூரைக்கு முன்னால் முட்டை உரித்துக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, வெல்டிங் வேலுமணி வந்தாருங்களா?"

"இல்லீங்களே. ஆளு இந்தப் பக்கம் வந்தே மாசக்கணக்காச்சுங்க."

வண்டியைத் திருப்பும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டாமா? இல்லை. ஏமாற்றமாக இருந்தது. இங்கே இருந்திருக்கலாமே, குடித்துக் கிடந்திருக்கலாமே என்று மனசின் ஒரு மூலை சொன்னது. குடித்திருந்தால் நாளைக்கு ஆஸ்பத்திரி இல்லை. கத்தி இல்லை. கையெழுத்துப் போடச் சொல்லி, உயிருக்கு ஆபத்து வரலாம் என்று படித்துக் காட்டினார்களே, அதுவும் இல்லை. பொற்கொடிக்குத் தன்மேலேயே பயம் வந்தது. அன்புக்கரசி இவள் கையால் தலைவாரிப் பள்ளிக்கூடம் போன பெண்.

நினைத்து முடிப்பதற்குள் அவளே போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாருங்களா? போன் போகவே மாட்டீங்குது."

"வந்துருவாரு கண்ணு. கடைக்குப் போயிருக்கறாரு."

"அண்ணி, அண்ணனுக்குப் பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேனுங்க. நெசமாத்தான் சொல்றேன்."

"சும்மா இரு, அதையும் இதையும் பேசாத" என்று பொற்கொடி போனை வைத்தாள். 'பயந்துட்டாரு கண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது என்பதுதான் அவளைக் குடைந்தது.

ரயில்வே கேட் தாண்டி இரண்டாவது பார். வாசலில் வேலுமணியின் வண்டி நின்றது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பதறியது நெஞ்சு. எதற்குப் பதறுகிறது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

பாரில் சப்ளை பார்க்கும் திருமலைசாமி வாசலிலேயே மறித்துக்கொண்டார். தேடி வரும் சம்சாரத்திடம் உண்மையைச் சொன்னால் அடுத்த நாள் யாவாரம் நடக்காது. அவர் தொழில் தர்மம் அது.

"ஆளு வரலைங்க அம்மணி."

"வண்டி நிக்குதுங்களே."

"வண்டி நிக்குமுங்க. ஆளு வரலைங்க."

பொற்கொடி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறந்ததிலிருந்து அவள் இப்படியொரு இடத்துக்குள் கால் வைத்ததில்லை. புகை, பொரித்த மீன் வாடை, ஓரமெல்லாம் தண்ணீர் பாக்கெட். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. மடித்துக் கட்டிய லுங்கிகள் மளமளவென்று இறங்கின. ஒருவர் எழுந்து நின்று கும்பிடவே கும்பிட்டார், அவருக்கு ஏறியிருந்தது. ஆம்பளைகளுக்கு இவ்வளவு மரியாதை தெரியும் என்பது வீட்டில் இருக்கிற பொம்பளைகளுக்குத் தெரியாது.

கடைசி மேசையில் வேலுமணி உட்கார்ந்திருந்தான். எதிரே அவன் கூட்டாளி கௌதமன். இரண்டு பேர் முன்னாலும் டம்ளர்.

பொற்கொடி நேராக அந்த மேசைக்குப் போனாள். வேலுமணியின் டம்ளரை எடுத்து மோந்தாள். வெறும் சோடா. அவன் எப்போதும்போல வாயைத் திறந்து ஊதிக் காட்டினான். அவித்த முட்டை வாடையைத் தவிர ஒன்றும் இல்லை.

"சோடா மட்டுந்தானுங்க. தங்கச்சிப் புள்ளைக்காக ஒரு சொட்டுத் தொடலீங்க" என்றான் கௌதமன்.

"உக்காந்த பக்கமே உக்காந்திருந்தேன்" என்றான் வேலுமணி. "பட்டறையில கை நடுங்குச்சு, வெல்டு நிக்கல. ஊட்டுக்கு வந்தா நீ மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவே. அதான் இங்க வந்துபோட்டேன்."

பொற்கொடி பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் அடங்கவில்லை.

திருமலைசாமிக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், சந்தோசத்துல அழுவுது" என்று பக்கத்து மேசைக்குச் சொன்னார். பக்கத்து மேசை அதற்கு அடுத்த மேசைக்குச் சொன்னது. கும்பிட்டவர் மறுபடி கும்பிட்டார்.

வேலுமணி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான். "ஏம்புள்ள, குடிச்சிருப்பேனோன்னு பயந்து வந்தியா? குடிச்சிருக்கோணும்னு நெனச்சு வந்தியா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டுந்தானுங்க மாமா."

"எனக்கும் அப்படித்தான்" என்றான். "மத்தியானத்துல இருந்து கௌதமன் முன்னால இருக்கற டம்ளரத்தான் பாத்துட்டு இருக்கறேன். கையை நீட்டுனா எட்டும். நீட்ட முடியல."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. அன்புக்கரசி. வேலுமணி பேரைப் படித்துவிட்டு, எடு என்று தலையசைத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அதையும் அவள் தலையிலேயே போட்டுவிட்டான். அந்த நேரத்தில் அவள் அவனை வெறுத்தாள். அவன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் இவனை முழுசாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். நெனச்சுக்க மாட்டேன் என்று அந்தப் பெண்ணே வழிவிட்டிருக்கிறாள். யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பச்சைப் பொத்தானைத் தேய்த்தாள்.

"அம்மணி, அண்ணன் எம்பக்கத்துலதான் இருக்கறாரு" என்றாள். எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "குடிக்கல கண்ணு. காத்தால நானே கூட்டிட்டு வாரேன்."

"சரிங்க அண்ணி" என்று சொல்ல ஆரம்பித்த அன்புக்கரசியால் அதை முடிக்க முடியவில்லை. ஓவென்று அழுதாள். பாரின் இரைச்சலையும் மீறி எதிரே இருந்த வேலுமணிக்கே கேட்கும்படி அழுதாள், அண்ணன் வராவிட்டாலும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னவள்.