மழைநத்தைக் கட்டு

நிப்போன்பாஷியில், மிருகப் படச் சீட்டுகளை மோதவிட்டு ஆடுகிற எங்கள் சீட்டுக் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓநாய்க் கட்டுதான் ஆடுவார்கள். தோக்கியோவில் எவனோ ஒருத்தன் அதை வைத்து ஜெயித்தான், கட்டில் இருந்த அறுபது சீட்டையும் இணையத்தில் போட்டான், இவர்கள் அதை அப்படியே வாங்கி உறைக்குள் செருகிக்கொண்டு, மூளையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு நிப்போன்பாஷிக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. என் கட்டை நானேதான் கட்டினேன். ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்கி, சேர்த்து, பிடிக்காமல் கழித்து, மனசு கேட்காமல் மறுபடி சேர்த்துக் கட்டிய கட்டு. அதன் உயிர் மழைநத்தை.

மழைநத்தை மேசைக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும். சண்டைக்குப் போகாமல் இருக்கிற ஒவ்வொரு முறைக்கும் கொஞ்சம் பெருக்கும். நன்றாகப் பெருத்துவிட்டால் அதை எவராலும் அசைக்க முடியாது. ஆனால் அதற்குள் எதிராளியின் ஓநாய்கள் நம் கதையை முடித்துவிடும் என்பதால் கடையில் அதை யாரும் சீந்துவதில்லை. என் கட்டைப் பார்த்து, "ஆசைக்குக் கட்டினது, இருக்கட்டும்" என்பார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பரிவு வரும் பாருங்கள், அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடையின் கோடைப் போட்டியில் முதலில் வருகிறவருக்குக் கியோத்தோ வட்டாரப் போட்டியில் ஓர் இடம் உண்டு. கியோத்தோ முடிந்த கையோடு பழைய சீட்டுகளை ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். வருடா வருடம் நடக்கிற கூத்துதான். இந்த வருடம் விலக்கப்படும் சீட்டுகளில் மழைநத்தையும் உண்டு. அப்புறம் அதை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளலாம், வேறு உபயோகம் கிடையாது. ஆகவே எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கியோத்தோ மேசையில், அத்தனை ஓநாய்க்காரர்கள் நடுவில், என் நத்தையோடு போய் உட்கார வேண்டும். அதை நான் விடுவதாக இல்லை.

வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடியது என் கணவன் கென்சாகு. நான் சலவைக் கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அவன் ரயில் பெட்டிகளுக்கு இருக்கை உறை தைக்கிறவன். ஊரோடு ஒத்துப்போகிற ஆள், அவனிடமும் ஓநாய்க் கட்டுதான். ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். புதிதாக ஒரு சீட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், காகிதத் துண்டில் பெயரை எழுதி உறைக்குள் செருகிக்கொள்வேன். சரிப்பட்டு வந்தால் பிறகு வாங்கலாம். நத்தை கைக்கு வர வர மேசையில் அடுக்குவேன். மழைமேகம் என்று ஒரு சீட்டு உண்டு, அதைப் போட்டால் எல்லா நத்தையும் ஒரே நேரத்தில் பெருக்கும். நான்கு நத்தையும் ஊதிக்கொண்டு வரிசையாக நிற்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். கட்டு பழுத்துவிட்டது என்று நம்பினேன்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பழுத்த கட்டைக் கடைக்கு எடுத்துப்போய் நாகிசாவின் எதிரே உட்கார்ந்தேன். நாகிசா நாய்களுக்கு முடி வெட்டுகிற பெண், என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். அவளோடு ஆட யாருக்கும் பிடிக்காது. மரியாதை குறையாமல் பேசியே மனுஷரைத் தோலுரித்துவிடுவாள்.

மூன்று நத்தையை அடுக்கினேன். நாகிசா காட்டுத்தீயைப் போட்டாள். மேசையில் இருக்கிற சின்ன உயிர்கள் எல்லாவற்றையும் அது எரித்துவிடும். போட்டவளுடைய குட்டி ஓநாய்களும் அதில் போய்விடும், ஆனால் அவளுக்குக் கையில் இன்னும் இருந்தது, எனக்கு இல்லை. அடுத்த இரண்டு முறையில் ஆட்டம் முடிந்தது. மறுபடி ஆடினோம். மறுபடியும் காட்டுத்தீ. மூன்றாம் ஆட்டத்திலும் அதே கதை.

"என் வீட்டுக்காரரும் இதே கட்டுதான்," என்றேன். "இந்தச் சீட்டு அவருக்கு நேரத்துக்கு வந்ததே இல்லையே."

"அந்தக் கட்டுல அது நாலு இருக்கு, தொமோயே-சான். ஒரு தடவகூட வரலைன்னா அவர் லாட்டரி மட்டும் வாங்கக் கூடாது." பார்லித் தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "ஆனா போன சனிக்கிழமை இதே மேசையில என்னை எரிச்சாரே. நல்லா வந்துதே அவருக்கு."

சீட்டுகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் கென்சாகு பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான்.

"உன் கட்டுல காட்டுத்தீ எத்தனை?"

"நாலு. ஏன்?"

"என் மேல எத்தனை தடவை போட்டிருக்க?"

அவன் துணிக் கவ்விகளைக் கூடையில் போடுவதில் மும்முரமானான்.

"கேக்குறேன்ல."

"வர்றப்போ போடலாம்னு..."

"நாகிசாகிட்ட ஆடினா வருது. என்கிட்ட ஆடினா மட்டும் வெக்கப்பட்டுகிட்டு உள்ளயே இருக்குதா?"

கூடையைக் கீழே வைத்தான். "நண்டுக் கட்டு கட்டின. நாலு தடவை தோத்ததும் பிரிச்சுப் போட்ட. அதுக்கு முன்னாடி காளான் கட்டு, அதையும் பிரிச்ச. இது ஒண்ணுதான் இவ்வளவு நாள் உன் கையில நிக்குது. தோத்தா இதையும் பிரிச்சுடுவியேன்னுதான். வேற ஒண்ணுமில்ல."

"தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்க நான் என்ன கைக்குழந்தையா? கடையில இருக்கறவங்க என்னைப் பார்த்துப் பாவம்னு நினைக்கிறாங்க, தெரியும். நீயும் வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு அதையேதான் நினைச்சிருக்க."

"பாவம்னு நினைக்கல."

"பின்ன என்ன? கியோத்தோவுக்குப் போயி அங்க இருக்கறவன்கிட்டயும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பான்னு கேக்கவா? இனிமே உன்கூட ஆட மாட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. துக்கமெல்லாம் இல்லை, ஆத்திரம். நான் ஜெயித்த ஜெயம் ஒன்றுகூட என்னுடையது இல்லை என்கிற ஆத்திரம். உள்ளே போய்க் கட்டைப் பிரித்துப் போடலாம் என்று மேசையில் கொட்டினேன். அப்புறம், அவன் சொன்னபடியே செய்யப் போகிறோமே என்று உறைத்தது. ஒன்றையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கி வைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போய் நாகிசாவிடம், "போட்டி வரைக்கும் தினமும் என்னைத் தோக்கடிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"தினமுமா? எனக்கு அலுத்துப்போகுமே."

"அலுத்துப்போற மாதிரி ஆட மாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க அடிமேல் அடி. நத்தையை அடுக்குவேன், எரிப்பாள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இரண்டு சீட்டை மாற்றிப் பார்ப்பேன். "சாம்பலை வச்சுச் செடிகிடி வளர்க்கலாம், தொமோயே-சான்" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கலைப்பேன். எதைச் சேர்த்தாலும் நெருப்புக்கு முன் நிற்கவில்லை. ஒருநாள் அவளே சலித்துப்போய், தன் கட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க ஓநாய் ஆடுங்க. நான் நத்தை ஆடறேன். எனக்கு எங்க பயம்னு நீங்களே உக்காந்து பாருங்க."

ஓநாய்க் கட்டை வாழ்நாளில் தொட மாட்டேன் என்றிருந்தவள், அன்று தொட்டேன். நாகிசா ஒரே ஒரு நத்தையை வைத்தாள். அப்புறம் ஒன்றும் வைக்கவில்லை. கை நிறைய சீட்டைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் காட்டுத்தீ இருந்தது. ஒரு நத்தைக்காக என் குட்டிகளையும் சேர்த்து எரிப்பதா? இன்னொன்று வரட்டும் என்று இருந்தேன். அடுத்த முறையும் இருந்தேன். நத்தை பெருத்துக்கொண்டே வந்தது. நான் விழித்துக்கொண்டபோது அது தீக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்து நின்றது.

"அடிப்பாவி," என்றேன்.

"கட்டு உங்களுது. நான் என்ன பண்ணினேன்?"

அன்றே மழைமேகம் நான்கையும் எடுத்தேன். எடுக்க மனசே வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டை நான் கட்டியதே நாலு நத்தையும் ஒன்றாகப் பெருக்கும் அந்த அழகுக்காகத்தான். அந்த இடத்தில், ஓநாயின் கடியை ஒரு தடவை தடுக்கிற கல் ஓடு நான்கைச் செருகினேன். பார்க்க லட்சணமே இல்லாத சீட்டு. இனி மேசையில் ஒரே நத்தை, மற்றதெல்லாம் கையில். கையை அடக்கி வைக்க எனக்கு வரவே இல்லை, இரண்டாவது நத்தை வந்ததும் விரல் துறுதுறுக்கும். துறுதுறுத்தால் நாகிசா எரிப்பாள். எரிந்து எரிந்து அடங்கக் கற்றுக்கொண்டேன். போட்டிக்கு முந்தின நாள் அவளை அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். அவள் பாராட்டவில்லை. "இப்போ பார்த்தா கட்டு மாதிரி இருக்கு" என்றாள்.

போட்டியன்று கென்சாகுவும் வந்து பெயர் கொடுத்தான். வீட்டில் சாப்பாடு, குளியல், குப்பை போடும் நாள் தவிர நாங்கள் பேசிக்கொள்வது குறைந்து போயிருந்தது. தனித்தனி மேசையில் ஆடினோம். நான் தோற்கவே இல்லை. கடைசிச் சுற்றுக்கு முன்னால் தோற்காமல் இருந்தது நான் ஒருத்திதான். இன்னொரு ஆட்டம் ஜெயித்தால் கியோத்தோ. தோற்றால், புள்ளிக் கணக்கில் அடுத்து நிற்கிற நாகிசாவுக்கு அந்த இடம் போகும்.

கடைசிச் சுற்றுக்கு யார் யாரோடு என்று கடைக்காரர் ஹொரிகுச்சி வாசித்தார். என் எதிரே கென்சாகு.

வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றவர்கள், இனி ஆட்டமில்லை என்று பையைக் கட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. தனக்கு லாபமில்லாத ஆள், லாபமிருக்கிற சிநேகிதருக்கு ஆடாமலே ஆட்டத்தைக் கொடுத்துவிடுவார். கென்சாகு ஏற்கெனவே ஒன்று தோற்றிருந்தான், புள்ளிக் கணக்கில் நாகிசாவுக்கும் கீழே, என்னை ஜெயித்தாலும் அவனுக்கு இடமில்லை. எதிரே இருப்பது பெண்டாட்டி. இதில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது?

கென்சாகு வாயைத் திறந்தான்.

"கொடுத்துட்டேன்னு சொன்னா," என்றேன், "வீட்டுக்கு ரெண்டு பேரும் வேற வேற ரயில்லதான் போவோம்."

"நான் சொல்ல வந்தது அது இல்ல. கட்டைக் கலைச்சுக் கொடுன்னு சொல்ல வந்தேன்."

கலைத்துக் கொடுத்தேன். வெடுக்கென்று வாங்கி வெட்டினான்.

அவன் குட்டி ஓநாய்களை இறக்கினான். நான் ஒரு நத்தையை வைத்தேன். கடித்தான், கல் ஓட்டைப் போட்டேன். அந்தச் சீட்டை அவன் பார்த்ததில்லை. எடுத்து வாசித்துவிட்டுத் திருப்பி வைத்தான். என் கையில் இன்னும் இரண்டு நத்தை இருந்தது. விரல் துறுதுறுத்தது. வைக்கவில்லை. என் கையைப் பார்த்தான், நத்தையைப் பார்த்தான், இன்னொரு குட்டியை இறக்கினான். மறுபடி கடித்தான், மறுபடி ஓடு. ஓடு தடுக்காத கடிகளில் என் உயிர்ப் புள்ளிகள் பாதிக்கு மேல் போய்விட்டன. நத்தை பெருத்தது. அவன் இன்னும் காத்திருந்தான். தீக்கு அடங்காத அளவு வந்ததும் நத்தையைக் கிளப்பினேன். மூன்று முறையில் ஆட்டம் முடிந்தது.

கியோத்தோ எனக்குத்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"கையைக் காட்டு."

கையிலிருந்ததை விரித்தான். இரண்டு காட்டுத்தீ. முதலிலேயே வந்திருக்கும்.

பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். "நல்ல புருஷன்" என்று ஒரு குரல் கேட்டது. மேசையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் போனேன்.

"உக்காரு," என்றான் கென்சாகு. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அவன் காது இரண்டும் சிவந்திருந்தது. "இன்னொண்ணை வைப்பன்னு காத்திருந்தேன். நீ வைப்ப. உன்னால வைக்காம இருக்க முடியாது. எத்தனை ஞாயித்துக்கிழமை பார்த்திருக்கேன். இப்போ மட்டும் ஏன் வைக்கல?"

"வைக்கக் கூடாதுன்னு வைக்கல."

"அந்த ஓடு எப்போ வந்துது? மழைமேகம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"உனக்கு அது எவ்வளவு பிடிக்கும். அதையா எடுத்த?" நம்ப முடியாமல் என்னைப் பார்த்தான். அப்புறம் சீட்டுகளையெல்லாம் ஒன்றாகத் தட்டிச் சேர்த்து, சரசரவென்று கலைக்க ஆரம்பித்தான். "இன்னொரு ஆட்டம் ஆடு."

ஹொரிகுச்சி முடிவு எழுதும் தாளையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா..."

"போடறேன், வச்சுட்டுப் போங்க. இது போட்டிக்கு இல்ல." என்னைப் பார்த்தான். "கலை."

ஆடினோம். கடை மூடுவதற்காக மற்ற மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒற்றை நத்தையை வைத்தேன். கென்சாகு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தன் குட்டிகள் மூன்றையும் சேர்த்து அதை எரித்தான். அடுத்த நத்தையை வைத்தேன், அதையும் எரித்தான். மூன்றாவது எனக்கு வருவதற்குள் மேசை முழுக்க அவன் ஓநாய்கள்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என்னை அவன் நார்நாராகக் கிழித்துவிட்டான். கிழித்து முடித்து, மூச்சு வாங்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எழுந்து ஒரு சுற்று ஆடலாம்போல இருந்தது.

"கியோத்தோவுல எல்லாரும் இப்படித்தான் ஒத்தை நத்தையையே எரிப்பாங்க," என்றான். "அதுக்கு உன் கட்டுல பதில் இல்ல."

"இல்லதான்."

"நாளைக்கு லீவு போடு."

முடிவுத் தாளை இழுத்து, தோற்றவர் இடத்தில் தன் பெயரைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினான்.