நிர்வாக ஆலோசனைக் கட்டணம்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. ஓட்டல் நிறுவனமொன்றின் தலைமை அலுவலகத்தில் கணக்காளராக இருந்த ஒரு பெண் சொன்னது. பெயர் போடக் கூடாது என்றாள், போடவில்லை. ‘தாய் நிறுவனம் தன் பிள்ளைகளின் வாயிலிருந்து…’ என்று ஆரம்பித்தேன். (அடித்துவிட்டேன். வரிச் சட்டத்தில் பாசத்துக்குப் பிரிவு கிடையாது.)

2
விஷயம் இதுதான். தாய் நிறுவனத்தின் கீழ் மூன்று துணை நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டல். கடற்கரை ஓட்டல் நன்றாக ஓடியது. ஆனால் ‘நிர்வாக ஆலோசனைக் கட்டணம்’ என்று அதன் வருமானத்தில் பெரும்பங்கைத் தாய் நிறுவனம் எடுத்துக்கொண்டது. தாய் பதிவாகியிருந்த வெளிநாட்டில் வரி குறைவு. ஓட்டல் இருந்த இங்கே அதிகம். ஆகவே ஓட்டல் வருடா வருடம் நஷ்டம் காட்டியது. அந்தப் பங்கீடு நியாயமானதுதான் என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. கூசாமல் எழுதினாள்.

3
அதே ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுடைய அக்கா வேலை பார்த்தாள். (வசதிக்காக நான் சேர்த்த அக்கா அல்ல. எனக்கும் சந்தேகம் வந்து விசாரித்தேன்.) நஷ்டத்தைக் காட்டி அங்கே நான்கு பேரை நிறுத்தினார்கள். ஐந்து பேர் வேலை அக்கா தலையில் விழுந்தது. ஒருநாள் சாப்பிடும்போது தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:

“ஒரு ரூம்கூட காலியில்ல. விரிப்பு துவைக்கிற எங்களுக்குத் தெரியாதா? அப்புறம் எப்படிடி நஷ்டம்?”

தங்கை விளக்கினாள். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினாள்.

4
வரி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. மேலாளருடன் இவளும் போனாள். கட்டணத்துக்கு ஈடாகத் தலைமை அலுவலகம் என்ன ஆலோசனை சொன்னது என்று அதிகாரி கேட்டார். நாற்பது பக்கப் பதில் இவள் மடியில் தயாராக இருந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

“ஒரே ஒரு கடிதம்தான் சார் அனுப்பினோம். சலவைக்கூடத்துல நாலு பேரைக் குறைக்கச் சொல்லி.”

அப்போது அறையில் நிலவிய மௌனம் ஒரு… (வேண்டாம். மேலாளர் பேனாவை மூடினார், அவ்வளவுதான்.)

5
கட்டணத்தை ஏற்காமல், அந்த வருமானத்தை ஓட்டலின் கணக்கிலேயே சேர்த்து வரி போட்டார்கள். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. நான்கு பேரையும் திரும்ப எடுக்கவில்லை. இவளை ராஜினாமா செய்யச் சொன்னார்கள்.

அன்று மாலை நேராக அக்கா வீட்டுக்குப் போனாளாம். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். “அது கதைக்கு வேண்டாம்” என்றாள். அக்காவை அழவைத்து ஒருமுறை எழுதினேன், திட்டவைத்து ஒருமுறை. இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. கதவு திறந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தால், அவள் வாயில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.