நாத்தனார் குத்திவிட்ட பட்டாம்பூச்சி

தம்பிக்கு வாய் ஜாலம் என்று தர்மிளாவுக்கு எப்போதும் ஒரு பெருமை. கடைசியில் அந்த வாய்தான் அவளைக் கவிழ்த்தது.

யட்டியாந்தோட்டை கடைத்தெருவில் அவளுக்கு ஒரு சின்ன பேன்சி கடை. வளையல், பொட்டு, ரிப்பன் விற்கிறவள், முதல் தடவையாகச் சீனாவிலிருந்து நேரடியாகச் சரக்கு இறக்கினாள். தலையில் குத்தினால் சிறகடித்து மின்னுகிற பட்டாம்பூச்சி கிளிப். மாதிரிக்கு வந்த ஒன்றை, தை மாதம் தம்பி சசியின் கல்யாணத்தில் பெண் தனுஜாவின் கொண்டையில் குத்திவிட்டாள். நாத்தனார் முடிச்சைப் போட்ட கையோடு குத்தியது. அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் தாலியையா பார்த்தார்கள்? கொண்டையைத்தான் பார்த்தார்கள். தீபாவளி வியாபாரத்துக்கு இதுதான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

சசிக்குக் கொழும்பில் வேலை. கப்பலில் வருகிற சரக்குக்குச் சுங்கத்தில் விவரம் எழுதிக் கொடுத்து வெளியே எடுத்துத் தருவான்.

"விளையாட்டுச் சாமான்னு போட்டா வரி கொறையும்க்கா" என்றான்.

"தலையில வைக்கிறதுடா அது. நாளைக்கு வம்பு வராதா?"

"வந்தா நான் இருக்கேன்ல? பேசாம கையெழுத்த போடு."

கூடப்பிறந்தவன் சொன்னால் யார்தான் மறுபடி கேட்பார்கள்? போட்டாள். வம்பும் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்த சுங்கத்தார் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேண்டுமென்றே ஏமாற்றினாள் என்று முடிவாகிவிட்டால் சரக்கு மொத்தமும் பறிபோகும். அப்புறம் தீபாவளி ஏது, கடை ஏது? தெரியாத்தனமாக நான்தான் அப்படி எழுதினேன் என்று சசி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அபராதத்தோடு தப்பிக்கலாம். "சொல்லிடுறேன்க்கா, நீ கவலப்படாத" என்று சுங்க அலுவலகப் படியேறும்போதுகூடச் சொன்னான்.

மேசைமேல் ஒரு கிளிப் மின்னிக்கொண்டிருந்தது. சுங்க அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா. "நங்கி, இது விளையாடுறதா, தலையில வைக்கிறதா?" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"தலையில வைக்கிறதுதான் மேடம். இவன் கல்யாணத்துல பொண்ணு கொண்டையில நானே குத்திவிட்டேன்." சிங்களத்திலேயே சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். இனி அவன் முறை.

சசி தொண்டையைச் செருமினான். "பாத்தீங்களா மேடம்? அக்காவுக்கு எல்லாம் தெரியும். வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். விளையாட்டுச் சாமான்னுதான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க."

அடப் பாவி! அவள் சொன்ன உண்மையை எடுத்தே அவள் கழுத்தை அறுத்துவிட்டானே! "பொய் மேடம், இவன்தான் போடச் சொன்னான்" என்று எழுந்து கத்தினாள்.

"கையெழுத்து உங்களோடதுதானே?" என்றார் அந்த அம்மா.

அவளுடையதுதான். சரக்கு பறிமுதல் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் சசி பக்கத்தில் வந்து நின்றான். "கோவிச்சுக்காதக்கா. நான் ஒத்துக்கிட்டா என் வேலை போயிரும். தனுஜா வேற முழுகாம இருக்கா. வா, சோறு சாப்பிட்டுப் போகலாம்."

அதற்குள் அவன் போன் அடித்தது. தோட்டத்திலிருந்து அம்மா.

"எல்லாம் பேசி முடிச்சாச்சும்மா" என்றான், கூச்சமே இல்லாமல். "நான் கூட இருக்கும்போது அக்காவ விட்டுக்குடுப்பேனா?"

தர்மிளா போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, ஒன் மருமக கொண்டையில நான் குத்திவிட்டேனே ஒரு கிளிப்பு, அது விளையாட்டுச் சாமானாம். ஒன் மகனே எழுதிக் குடுத்துட்டான். அவ தாலியில நான் போட்ட முடிச்சையும் விளையாட்டும்பான், கேட்டு வச்சுக்க."

"என்னடி சொல்ற? தம்பி எங்க?"

"சோறு திங்கப் போறான்மா. நான் தனியா வர்றேன்."