எழுத்துக்கூட்டிச் சொன்ன சாட்சி

தங்கச்சிக்கு அவன் தரவேண்டிய பாக்கி பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தங்கச்சி தையல்காரி. அளவென்று வந்துவிட்டால் கூடப்பிறந்தவன் என்றும் பார்க்கமாட்டாள்.

அவன் டைல்ஸ் குடோனில் லோடுமேன். லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு டைல்ஸ் பெட்டிகளைத் தோளில் வைத்து ஏற்றுவது வேலை. இளவயதில் ஒரே நடையில் இரண்டு பெட்டி தூக்கியதால் 'ரெண்டுபெட்டி' என்று பேர் வந்தது. இப்போது ஐம்பத்துமூன்று வயது. ஒரு பெட்டிக்கே முழங்கால் முனகுகிறது. பேர் மட்டும் இளைக்கவில்லை. போன வருடம் அந்த ஒற்றைப் பெட்டியும் கை நழுவிக் காலில் விழுந்தது. ஆறு வாரம் படுக்கை. மனைவி போய்ச் சேர்ந்த வீட்டில் கஞ்சி வைக்கவும் ஆள் இல்லை. மருத்துவச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் தங்கச்சிதான் பார்த்தாள். எழுந்து நடந்ததும் பேச்சு வைத்துக்கொண்டார்கள்: சனிக்கிழமை தோறும் நானூறு. பதினொரு சனிக்கிழமை ஒழுங்காகக் கொடுத்தான்; அது போக நின்றதுதான் அந்தப் பாக்கி. பன்னிரண்டாவது சனிக்கிழமை அவனுக்கு விசுவாசம் முற்றிப்போனது.

அது முற்றிய விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அவன் படிப்பைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நாற்பத்தொன்பது வயதுவரை அவன் கைநாட்டு. அவன் போய்வந்த சபை, ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே முப்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்ட மாடி அறை. அங்கே பழைய போதகர் புதன்கிழமைகளில் எழுத்து வகுப்பு வைத்தார். ஆண்டவர் பேசினதை அவனவன் கண்ணால் வாசிக்க வேண்டும், நான் சொல்லிக் கேட்டால் போதாது என்பது அவர் கட்சி. இரண்டு வருடத்தில் அவனுக்கு எழுத்துக் கூட்ட வந்தது. வேகம் மட்டும் வரவில்லை. ஆள்காட்டி விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தி, உதட்டை அசைத்து, ஒரு வரியை முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் தலைக்கனம் சீக்கிரமே வந்து சேர்ந்தது. பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளை வாய்விட்டு வாசிப்பான். பாதிப் பலகையிலேயே பேருந்து நகர்ந்துவிடுவதால், பல கடைகள் என்ன விற்கின்றன என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பழைய போதகர் உடம்புக்கு முடியாமல் மகள் வீட்டோடு போய்விட்டார். புதியவர் வந்தார். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் ஒரு கீபோர்டும் அவரோடு வந்தன. நல்ல குரல். அவர் அழுதால் சபையே அழும். பக்கத்தில் இருப்பவன் அழுகிறானே என்று அவனும் அழுதிருக்கிறான். அவர் கொண்டுவந்த போதனை புதிது. கடனைத் தவணையாகக் கட்டுவது அவிசுவாசமாம். தவணைக் காசைக் காணிக்கைப் பெட்டியில் விதையாகப் போட்டால், முழுக் கடனையும் கர்த்தர் ஒரே நாளில் அடைத்துவிடுவாராம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கடன் தொகையை ஒரு சீட்டில் எழுதி, கீழே சிவப்பு மையில் 'தீர்ந்தது' என்று எழுதி, சபைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

சபையில் எழுதத் தெரியாதவர்கள் பதினொரு பேர். அவர்களுக்கு எழுதிக்கொடுக்க அவனைக் கூப்பிட்டார் போதகர். மேசை போட்டார்கள். பேனா கொடுத்தார்கள். இத்தனை வருடம் முதுகால் பிழைத்தவனை முதல் முறையாக ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு சூரியன் மேற்கே உதிக்கும் என்று எழுதச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பான், கையெழுத்து கோணாமல் வருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு. இஸ்திரிக்காரம்மாவுக்கு மூன்று மாத வாடகை பாக்கி, எழுதினான், தீர்ந்தது. மற்ற பத்துப் பேருக்கும் தீர்ந்தது. கடைசியாகத் தன் கடனை எண்ணிலும் எழுதி, எழுத்திலும் எழுதி, அடியில் கோடு போட்டு ஒட்டினான்.

நான்கு சனிக்கிழமை நானூறு நானூறாகப் பெட்டிக்குள் போயிற்று. ஐந்தாவது சனிக்கிழமை தங்கச்சி அவன் அறைக்கே வந்துவிட்டாள். அவன் விதை, அறுவடை, அவிசுவாசம் எல்லாவற்றையும் விளக்கினான். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"அண்ணே, உன் விசுவாசத்தப் பள்ளிக்கூடத்துல வாங்கிக்க மாட்டாங்க. பொண்ணுக்குப் பரீட்சைக் கட்டணம் ஆயிரத்து அறுநூறு. முப்பதாந்தேதி கடைசி. நீ நிறுத்தின நாலு வாரக் காசு, கணக்கா அவ்வளவுதான்."

"தீர்ந்ததுன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன்மா."

"அப்ப அந்தச் சுவத்தப் பேத்துக் குடு. அதையாவது வித்துக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள். "நானும் ஜெபம் பண்ணிட்டுத்தான் உனக்குக் குடுத்தேன். நீ ஜெபம் பண்ணிட்டுத் தராம இருக்கே. ரெண்டு பேருக்கும் ஒரே ஆண்டவர்தானே?"

அவளுக்குப் பதிலடியாக ஒரு வசனம் தேடித்தான் திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் டைல்ஸ் பெட்டிகள் மேல் உட்கார்ந்து வேதத்தைப் பிரித்தான். சங்கீதம் என்ற பகுதியில் விரல் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காதவன் பொல்லாதவன் என்றிருந்தது. மூன்று முறை வாசித்தான். எழுத்தை மாற்றிக் கூட்டினால் வேறு ஏதாவது வருமா என்றுகூடப் பார்த்தான். வரவில்லை. இவ்வளவு தடித்த புத்தகத்தில் இந்தப் பாழாய்ப்போன விரல் இங்கேதானா வந்து நிற்க வேண்டும் என்று விரலைத்தான் திட்டினான்.

அதைப் போதகரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் சிரித்தார். எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் பிரதர், ஆவியைப் பாருங்கள் என்றார். அந்த எழுத்தைப் பிடிக்கவே இரண்டு வருடம் தொங்கியவன், வசனத்தில் மறுபடி விரலை வைத்தான். அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம். புது மண்டபம் கட்டப் பணம் கொடுக்கக்கூடிய விருந்தாளிகள் வருகிறார்கள். மண்டபத்துக்கு டைல்ஸ் தரப்போகும் குடோன் முதலாளியும் வருகிறார். கடன் அற்புதமாகத் தீர்ந்தது என்று அவன் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும்.

"ஆனா தீரலையே ஐயா."

"தீரும். தீர்றதுக்கு முன்னாடியே தீர்ந்துச்சுன்னு சொல்றதுதான் பிரதர் விசுவாசம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதலாளிகிட்ட உங்களப் பத்திப் பேசிட்டேன். கேட்ல நாற்காலி போட்டு லோடு எழுத ஒரு ஆள் தேடுறார். எழுதப் படிக்கத் தெரிஞ்ச, நல்ல சாட்சியுள்ள ஆளா இருக்கணுமாம்."

நாற்காலி.

சாத்தான் ஆண்டவரை மயக்க உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டினான் என்று அவன் வாசித்திருக்கிறான். இவனுக்கு அவ்வளவு செலவு பிடிக்கவில்லை. கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே போதுமாக இருந்தது. குடோன் கேட்டில் அந்த இடத்துக்கு மேலே ஒரு மின்விசிறி உண்டு என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. நாற்காலிச் சம்பளத்தில் தங்கச்சி கடனையும் சீக்கிரம் அடைக்கலாமே, அப்போது சாட்சியும் உண்மையாகிவிடுமே என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. வாரம் முழுவதும் ஜெபித்தான். ஆனால் கண்ணை மூடினால் மின்விசிறிதான் சுற்றியது. அப்படி ஜெபிப்பவனுக்கு ஆண்டவர்தான் என்ன பதில் சொல்வார்?

பேசவிட்டால் இவன் எங்கெங்கோ போவான் என்று, சாட்சியைத் தாளில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அங்கேதான் அவர்கள் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

பொய்க்கு வேகம் வேண்டும். அவன் ஒன்றும் பொய்யே சொல்லாத உத்தமன் அல்ல. உடைந்த பெட்டியை ஏற்கெனவே உடைந்திருந்தது என்று சொல்லியிருக்கிறான், மூன்றாம் மாடியை நான்காம் மாடி என்று கூலி கேட்டிருக்கிறான். அதெல்லாம் வாயைத் திறந்ததும் தானாக ஓடிவிடும். எழுத்துக்கூட்டி ஒரு பொய்யைச் சொல்வது, முழுப் பெட்டியோடு ஐந்து மாடி ஏறுவது போல. ஒவ்வொரு படியிலும் பாரம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் மைக்கைக் கையில் வாங்கி, தாளில் விரலை வைத்தான். "எ... ன்... என். க... ட... ன்... கடன்." முன்வரிசையில் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'முழுவதும்' என்ற சொல்லில் 'மு' வரைக்கும் வந்த விரல் அப்படியே நின்றது. நெஞ்சு நிறைந்து பேச்சு வராமல் நிற்கிறான் என்று நினைத்து ஒரு விருந்தாளி ஸ்தோத்திரம் சொன்னார். கீபோர்டுக்காரர் மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வரிசையில் இஸ்திரிக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் அவள் இஸ்திரிப் பெட்டியையே எடுத்து வைத்துக்கொண்டார் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். இவன் அடுத்து உச்சரிக்கப்போகும் எழுத்தில்தான் அந்தப் பெட்டி திரும்பி வரப்போகிறது என்பதுபோல அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சீட்டில் இருந்த சிவப்பு எழுத்து அவன் எழுத்து. கோணாமல், அழகாக வந்த எழுத்து.

தாளை மடித்தான்.

"தீரல," என்றான். "பதினோராயிரத்து அறுநூத்து நாப்பது. என் தங்கச்சிக்குத் தரணும். நாலு வாரமா தராம அந்தக் காசப் பெட்டில போட்டேன். ஆண்டவர் அப்படிச் சொல்லல. வாங்கினதத் திருப்பிக் குடுன்னுதான் வேதத்துல இருக்கு, நானே வாசிச்சேன். உங்க சீட்டெல்லாம் எழுதினவனும் நான்தான். என்னை மன்னிச்சிருங்க. கட்ட வேண்டியதக் கட்டுங்க."

தாளை மடித்ததுமே மைக்கை நிறுத்திவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. கீபோர்டும் ஓங்கிவிட்டது. அவன் வீரவசனம் போய்ச் சேர்ந்தது முதல் மூன்று வரிசைக்கு மட்டும்தான். பின்னால் இருந்தவர்கள் அது ஏதோ நல்ல சாட்சி என்றெண்ணிக் கைதட்டினார்கள். இறங்கும்போது படி தடுக்கி, கீபோர்டுக்காரர் மடியில் விழாமல் தப்பியதே பெரிய அற்புதம்.

எதிராளியான சாத்தான் நம் பிரதரைப் பயன்படுத்திவிட்டான் என்று போதகர் அப்புறம் விளக்கம் சொன்னாராம். நாற்காலி, முதலாளியின் டிரைவருடைய மச்சானுக்குப் போயிற்று. ஆறு பெட்டி போனால் அவன் எட்டென்று எழுதுகிறான். ஆனாலும் மின்விசிறி அவனுக்கும் அதே மாதிரிதான் சுற்றுகிறது. ரெண்டுபெட்டிக்கு நான்காம் மாடிக்குக் கீழே வேலையே விழாமல் முதலாளி பார்த்துக்கொண்டார்.

முப்பதாந்தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அதில் பதினொரு நாள் ஒரே நடையில் இரண்டு பெட்டி தூக்கினான். படிக்குப் படி அவன் சொன்ன ஜெபங்களை வெளியே சொல்ல முடியாது. ஆண்டவர் பெரிய மனது பண்ணிக் கேட்டிருப்பார். இருபத்தொன்பதாந்தேதி ஆயிரத்து அறுநூறைக் கொண்டுபோய் வைத்தான். தங்கச்சி எண்ணிப் பார்த்துவிட்டு, அவன் நடையைப் பார்த்துவிட்டு, வெந்நீர் வைத்தாள்.

சபைக்கு மறுபடி போக முகமில்லை. இரண்டு ஞாயிறு அறையிலேயே படுத்துக் கூரையை முறைத்தான். தப்பாகச் சொன்னவர் போதகர், இவன் கோபித்துக்கொண்டது ஆண்டவரோடு. அந்த நியாயம் அவனுக்கே பிடிபடவில்லை. மூன்றாவது ஞாயிறு இஸ்திரிக்காரம்மா கதவைத் தட்டினாள். சீட்டைக் கிழித்துவிட்டாளாம், பாதி வாடகை கட்டிப் பெட்டியை மீட்டுவிட்டாளாம். "எங்க வீட்ல அஞ்சு பேர் கூடியிருக்கோம். வாசிக்க ஆள் இல்ல. வாங்க." அன்றிலிருந்து மடித்த துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவன் வாசிக்கிறான். ஓர் அதிகாரத்துக்கு ஒரு ஞாயிறு. ஒரு தடவை வம்ச வரலாறு வாசிக்கும்போது ஒருவர் தூங்கி விழுந்து, எழுந்து பார்த்தார். இவன் அதே பேரில்தான் இருந்தான். ஆனால் இவன் வாசிப்பில் ஒரு வசனமும் விட்டுப்போகாது. விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு வேகம் இவனிடம் இல்லை.

அவன் எழுதிக்கொடுத்த பதினொரு சீட்டில் கிழிந்தது நான்குதான். புது மண்டபமும் எழும்பத்தான் செய்தது. அதற்கு முந்நூற்றிருபது பெட்டி டைல்ஸ், ஏற்றினது இவன். ஒன்றும் உடையவில்லை. போதகர் படியில் எதிரே வந்து, "பாத்து பிரதர்" என்று ஒதுங்கி வழி விட்டார். அந்தக் கூலியிலும் நானூறு தங்கச்சிக்குப் போயிற்று.

இருபத்தைந்து சனிக்கிழமை கழிந்தது. கடைசிச் சனிக்கிழமை பாக்கி நாற்பது. சில்லறையாகக் கொண்டுபோனான். தங்கச்சி வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்துவிட்டு, "விடு அண்ணே, நாப்பதுதானே. கழிச்சுக்கிறேன்," என்றாள்.

அவளா இப்படிச் சொல்கிறாள் என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

"வேண்டாம்மா. நீ கழிச்சுட்டேன்னா, தானாத் தீர்ந்துச்சுன்னு அந்த ஐயா சொல்லிக்குவார். நாப்பதுக்குப் போய் என்னால மறுபடி மேடை ஏற முடியாது."

அவள் சிரித்த சிரிப்பில் தையல் ஒரு விரல்கடை கோணிப்போயிற்று. அதற்கும் அவனைத்தான் திட்டினாள். சில்லறையை இரண்டு தடவை எண்ணி, பொத்தான் டப்பாவுக்குள் போட்டு, சரியாய்ப் போச்சு, வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி உட்கார் என்றாள்.