மூச்சு வரும்வரை

விடியுமுன்பே எங்கள் சலவைக்கூடத்தின் கொதிகலன் ஊளையிடத் தொடங்கிவிடும். ஓட்டல்களிலிருந்து வந்த ஈர விரிப்புகளை இருவர் இருவராக உதறி, தேய்க்கும் ஆவி உருளைக்குள் கொடுப்போம். முகத்தில் ஆவி, முதுகில் வியர்வை. பத்து மணி நேரமும் நின்றபடிதான். உட்கார்ந்தவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

விரிப்பின் மறுமுனையை எனக்குப் பிடிப்பவள் நெட்டச்சி. அவளுடைய ஆறு வயது மகள் நாலடி நடந்தால் தெருவிலேயே குந்திவிடுவாள். உதடு நீலம் பாரிக்கும்.

"எந்திரிடி, நடுத்தெருவுல என்ன சோம்பேறித்தனம்?"

"மூச்சு வந்ததும் எந்திரிக்கிறேம்மா."

ஒருநாள் நெட்டச்சி அவளை அறைந்தே விட்டாள். உட்காருவதே குற்றம் என்று ஒன்பது வருஷம் பழகிய கை அது.

பிறகுதான் டாக்டரம்மா காகிதத்தில் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து காட்டினார். கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். அதனால் பிராணவாயு ஏறாத ரத்தம் உடம்புக்கே திரும்பிவிடுகிறது. குந்தும்போது கால்கள் மடங்கி நெருக்க, ரத்தம் அந்தக் குறுகல் வழியே கொஞ்சம் கூடுதலாகப் போகிறது.

"யாரும் சொல்லித் தரல. பொண்ணு தானா கண்டுபிடிச்சிருக்கா."

"வயித்துப் பிள்ளையோட ஆவியில நின்னேனே, அதனாலயா டாக்டர்?"

"உங்க தப்பு இல்லம்மா. முதல் ரெண்டு மாசத்துலயே இதயம் உருவாயிடும். பெரும்பாலும் ஏன்னு எங்களுக்கே தெரியறதில்ல."

இதை என்னிடம் சொன்னபோது, நெட்டச்சி தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. காய்ச்சலால் ஒரு தேதி ஏற்கெனவே தவறியிருந்தது. இதையும் விட்டால் அடுத்த தேதிக்கு ஐந்து மாதம். அதுவரை தாங்காது என்றார் டாக்டரம்மா. செய்தாலும் உறுதி சொல்ல முடியாதாம், அவ்வளவு தாமதம்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி உருளைப் பக்கம் வந்தார்.

"மூணு வாரம் லீவா? போனா அப்படியே போயிடு."

"வேலை போனா ஆஸ்பத்திரி அட்டையும் போயிடும் ஐயா. உள்ளேயே விடமாட்டாங்க."

"பிறவிக் கோளாறுக்கு நான் என்ன பண்ண? நானா ஓட்டை போட்டேன்?"

மடிப்பு மேசையிலிருந்து, வாயாடி என்று நாங்கள் கூப்பிடுபவள் குரல் கொடுத்தாள். "ஓட்டையை நீங்க போடல. அடைக்கப் போற வழியிலதான் நிக்கிறீங்க."

நெட்டச்சியின் முழங்கால்கள் மெல்ல மடிந்தன. மகளைப் போலவே, ஈரத் தரையில் குந்தினாள்.

நாங்கள் எதையும் திட்டமிட்டிருக்கவில்லை. விரிப்பின் ஒருமுனை மட்டும் என் கையில் தொங்கியது. நானும் குந்தினேன். வாயாடி முனகிக்கொண்டே இறங்கினாள். "அடியே, எனக்கு இடுப்பு பிடிச்சா நீதான் தூக்கணும்." ஒவ்வொருத்தியாக, பதினாறு பேர். உருளை வெறுமனே சுற்றியது.

"எந்திரிங்கடி! நாளைக்கே வேற ஆள் போட்டுடுவேன்."

போடுவார். எங்களுக்குத் தெரியும். வியாழனுக்கு மூன்றே நாள்.

அப்போது கொதிகலனின் ஊளை அடங்கியது. முதலாளி திரும்பிப் பார்த்தார். மாற்று ஆள் லேசில் கிடைக்காத கொதிகலன்காரரும் அதை அணைத்துவிட்டுக் கதவோரம் குந்தியிருந்தார்.

அந்த அமைதியில் நெட்டச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்சு வரட்டும் ஐயா. எந்திரிக்கிறோம்."