அடியில் அடித்த வார்னிஷ்

என் பேஸ் கிட்டாருக்கு ஜெரோம் வைத்த பெயர் கிரைண்டர். வாசிக்காமல் சும்மா நின்றாலே உர்ரென்று இரையுமாம். எங்கள் செங்கல்பட்டு சபையில் கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான், கொயரை நடத்துபவனும் அவன்தான். ஈஸ்டர் ஆராதனைக்கு பேஸே வேண்டாம், கீபோர்டில் அந்தக் கீழ்ச்சுரங்களை வாசிக்கத் தன் இடது கை போதும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை ஒத்திகையில் இரைச்சல் இல்லாமல் வாசித்துக் காட்டுகிறேன், இல்லையென்றால் இனி கிட்டாரையே தொடமாட்டேன் என்று சவால் விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கடையில் இருந்ததிலேயே மலிவான கிட்டார் அது. ஆனால் கழுத்து நேராக இருந்தது, மரமும் நல்ல மரம். தூக்கிப்போட மனசு வரவில்லை. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றினேன். தந்தியை முறுக்கும் சாவிகள் நான்கையும் மாற்றினேன். தந்திகள் வந்து உட்காரும் பிரிட்ஜ் துருப்பிடித்திருந்தது, அதையும் மாற்றினேன். எங்கள் வீடு மாமல்லபுரத்தில், கடலை ஒட்டி. உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. அதனால் புது இரும்புச் சாமான் எது வந்தாலும் அடிப்பக்கம் வார்னிஷ் அடித்துவிட்டுத்தான் மாட்டுவோம். பிரிட்ஜுக்கும் அடித்தேன், இரண்டு கோட்டு.

சனிக்கிழமை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க கிட்டாரில் ஸ்பீக்கர் ஒயரைச் செருகினேன். உர்ர். முன்னைவிட அதிகம்.

ஜெரோம் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "வுட்டுடு ஜாய்ஸு. மட்டமான கிட்டாருக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒயரைப் பிடுங்கப் போனேன். அது செருகியிருந்த உலோக வளையத்தில் விரல் பட்டதும் இரைச்சல் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி வந்தது. தந்தியைத் தொட்டேன், நிற்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. பிரிட்ஜின் அடியில் ஓர் எர்த் ஒயர் இருக்கிறது. அது பிரிட்ஜின் உலோகத்தைத் தொட்டால்தான் தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்கும். நடுவில் என் வார்னிஷ்.

"ஜெரோமு, ஸ்க்ரூ டிரைவர் கீதா?"

தந்திகளைத் தளர்த்தி, பிரிட்ஜைக் கழற்றி, ஒயர் படும் இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டினேன். மறுபடி மாட்டி, சுருதி கூட்டி, ஒயரைச் செருகி, தந்தியில் கை வைத்தேன்.

ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை.

முதல் பாட்டை எடுத்தேன். பெஞ்சுப் பலகைகள் அதிர்ந்தன. கொயரில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாவது சரணத்தில் ஜெரோம் தன் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஈஸ்டர் அன்றும் அந்தக் கை மடியிலேயேதான் இருந்தது.